ஒரு ‘வேண்டாம்’ பிறந்த கதை

1991-ஆம் ஆண்டு. செங்கல்பட்டு கிளைச் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர். எழுத எழுத அது 300 பக்கம் அளவுக்கு வளர்ந்தது. தன்னோடு நெருக்கமாக இருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளைப் பற்றியெல்லாம் அதில் எழுதியிருந்தார். அந்தக் கட்டு மனைவி கைக்குப் போய், வக்கீல் கைக்கு மாறி, கடைசியில் சென்னையில் ‘நக்கீரன்’ பத்திரிகைக்கு வந்து சேர்ந்தது. விரைவில் தொடராக வரும் என்று பத்திரிகை அறிவித்தது. பின்னாலேயே, 1994 ஜூன் 15 தேதியிட்டு, சிறைத்துறைத் தலைமையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இது சங்கர் எழுதியதே கிடையாது, வெளியிட்டால் சட்டப்படி நடவடிக்கை பாயும் என்றது கடிதம்.

பத்திரிகையின் ஆசிரியர் ஆர். ராஜகோபால். நக்கீரன் கோபால் என்றால்தான் ஊருக்குத் தெரியும். கோபி என்று சுருக்கி அழைக்கப்படும் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் பின்னாளில் டீக்கடைக்கு டீக்கடை அடிபட்ட பெயர் அது. சத்தியமங்கலம் காட்டுக்குள் போய் வீரப்பனைப் பார்த்துவிட்டு வந்தவர். 2000-ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது தூது போனவரும் அவர்தான். (அந்தக் கடத்தல் வழக்கு 18 ஆண்டுகள் இழுத்து, 2018-இல் கோபி நீதிமன்றத்தில்தான் தீர்ப்பானது.) சிறைத்துறைக் கடிதத்தைப் பார்த்து அவர் பின்வாங்கவில்லை. நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவர் கேட்டது பத்திரிகையின் உரிமையை. கூடவே இன்னொன்றும் கிடைக்கப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பை எழுதினார். அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை என்றார். நக்கீரன் ஜெயித்தது. ஆனால் நீதிபதி அதோடு பேனாவை மூடவில்லை. பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம்; அதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கைக்குள் கை நீட்டினால் அது தனியுரிமையில் கை வைப்பது. தன்னைத் தன் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்றவற்றைப் பற்றி அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. எழுதும் உரிமை கேட்டுப் போன வழக்கில், எழுதப்படாமல் இருக்கும் உரிமையும் சேர்ந்து பிறந்தது. மறு ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு சட்டப் புத்தகத்துக்குள் போய் உறங்கியது. அதை எழுப்பும் வேலை, வக்கீல் உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் தொடங்கியது.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரிச்சர்ட் ஸ்மித் என்றொரு மென்பொருள்காரர் இருந்தார். சிறிய நிறுவனம் ஒன்றின் தலைவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத குணம். 1999 மார்ச்சில் அவர் விண்டோஸ் 98-ஐப் பதிவு செய்யும்போது கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போவது என்னவென்று உற்றுப் பார்த்தார். பதிவின்போது, கம்ப்யூட்டரின் உறுப்புகள் பற்றிய விவரத்தை அனுப்பலாமா என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது. ஸ்மித் வேண்டாம் என்றார். அதையும் மீறி, அந்தக் கம்ப்யூட்டரை உலகத்தில் தனியாக அடையாளம் காட்டக்கூடிய ஓர் எண் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது.

தோண்டத் தோண்ட இன்னொன்றும் வெளியே வந்தது. ஆஃபீஸ் 97-இல் எழுதிய ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதே மாதிரி ஓர் எண் ஒளிந்திருந்தது. பெயர் போடாமல் எழுதிய கடிதமும் எந்தக் கம்ப்யூட்டரில் பிறந்தது என்று காட்டிக்கொடுக்கும். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. மைக்ரோசாஃப்ட் பதறி, இது தவறுதலாக நேர்ந்தது, எண்களை அழித்துவிடுகிறோம் என்றது. கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு எடுக்கிறதை எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் பலருக்கும் உறைத்தது. அந்த உறைப்பு மூன்று வாரம்கூட நிற்கவில்லை.

மார்ச் 26. மெலிஸா என்ற வைரஸ் உலகத்து ஈமெயில் பெட்டிகளுக்குள் புகுந்தது. ஒரு வேர்ட் கோப்பாக வரும். திறந்தவுடன் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரிப் புத்தகத்தைப் புரட்டி, முதல் 50 பேருக்குத் தானே தன்னை அனுப்பிக்கொள்ளும். பெரிய பெரிய நிறுவனங்கள் மெயில் சர்வரை நிறுத்திவைத்தன. யார் எழுதியது? எந்த ஒளிந்த எண்ணைக் கண்டித்துக் குரல் கொடுத்தாரோ, அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு வைரஸ் கோப்பின் வேரைத் தேடிப் போனார் ரிச்சர்ட் ஸ்மித். ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேடுகளும் சேர்ந்துகொள்ள, ஏப்ரல் 1-ஆம் தேதி நியூஜெர்சியில் ஆள் பிடிபட்டார். அவர் பெயரும் ஸ்மித். ஒளிந்த எண் நல்லதா கெட்டதா என்று ஊர் இரண்டு பட்டது. அந்தச் சண்டையில், வேண்டாம் என்ற பதிலை மதிக்காமல் போன அசல் குற்றம் அடியில் போய்விட்டது. முகவரிப் புத்தகம் எவ்வளவு பெரிய சொத்து என்பதும் அப்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இதற்கு நடுவே செல்போன் வந்துவிட்டது. 2002-இல் ஜாவா போன்களுக்கு விதிமுறை எழுதிய ஒரு நிபுணர் குழு, எம்ஐடிபி 2.0 என்ற ஆவணத்தில் ஓர் ஏற்பாட்டைப் புகுத்தியது. போனுக்குள் இறங்கும் சின்னச் சின்ன விளையாட்டும் கருவியும் இன்டர்நெட்டுக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ போகும் முன் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். பதில் மூன்று வகையில் இருக்கலாம். எப்போதுமே சரி, இப்போது திறந்து மூடும் வரைக்கும் சரி, இந்த ஒரு தடவைக்கு மட்டும் சரி. நோக்கியாவில் பாம்பு விளையாட்டைத் தாண்டி ஏதாவது இறக்கிப் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கேள்வி நன்றாக ஞாபகம் இருக்கும். திறந்தால் கேட்கும், அடுத்த பக்கம் போனால் கேட்கும். எரிச்சலில் எதையாவது அமுக்கிவிட்டுப் போனார்கள். அருமையான யோசனை, தொல்லை என்ற கெட்ட பெயரோடு நோக்கியா போன்களுடனேயே மூட்டை கட்டப்பட்டது. மறுபடி தலையெடுக்க அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் கடையைத் திறந்தது. ஓர் ஆப் லொகேஷனைக் கேட்டால் மட்டும் ஐபோன் குறுக்கே வந்து, கொடுக்கவா என்று கேட்கும். மற்றவை திறந்தே கிடந்தன. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு வேறு மாதிரி யோசித்தது. ஆப்பை இறக்கும்போதே நீளமான பட்டியலைக் காட்டியது. இது உன் காண்டாக்ட்டைப் படிக்கும், எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், லொகேஷனைப் பார்க்கும். சம்மதமானால் இறக்கிக்கொள், இல்லையானால் ஆப்பே கிடையாது. பட்டியலை முழுக்கப் படித்தவர்கள் அபூர்வம்.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்துச் சமாச்சாரம் செல்போனில் இல்லை, மடிக்கணினியில் இருந்தது. 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் தொடங்கியது. வாய்க்கால் பாசனத்து நெல்வயல் நடுவே இருந்த கோபி பக்கத்துக் கிராமங்களுக்கும் அரசு முத்திரையோடு அந்தக் கருவிகள் வந்து இறங்கின. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். பொத்தானை அமுக்கினால் திரையில் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ். பெரும்பாலான பிள்ளைகள் முதல் பெயரைத்தான் தொட்டார்கள். இரண்டாவது பெயருக்குப் பின்னால் இருந்த ஒரு பழக்கத்தைக் கவனிக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பாஸ், டெபியன் என்ற லினக்ஸிலிருந்து பிறந்தது. டெபியனை நிறுவும்போது, எந்தெந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கெடுப்பில் சேர விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். பதில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும்: ‘இல்லை’. ஒன்றும் தெரியாமல் என்டரைத் தட்டிக்கொண்டே போகிறவருடைய விவரம் எங்கேயும் போகாது. இத்தனை கண்ணியமான ‘இல்லை’யை இந்தக் கதை முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

அதே 2011-இன் ஏப்ரலில் ஐபோன் மாட்டிக்கொண்டது. அலஸ்டேர் ஆலன், பீட் வார்டன் என்ற இருவர் ஐபோனின் கோப்புகளைக் குடைந்துகொண்டிருந்தபோது, பூட்டில்லாத ஒரு கோப்பு அகப்பட்டது. அதைத் திறந்து வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், போன்காரர் ஏறக்குறைய ஒரு வருஷமாக எங்கெங்கே சுற்றினார் என்பது புள்ளி புள்ளியாக விரிந்தது. ஒரு வாரம் கழித்து ஆப்பிள் பதில் சொன்னது. இது போனின் இருப்பிடம் இல்லை, அக்கம்பக்கத்து செல் டவர்களும் வைஃபையும்தான். இவ்வளவு நாள் சேர்த்துவைத்தது தவறு. லொகேஷனை அணைத்த பிறகும் தகவல் சேர்ந்தது இன்னொரு தவறு. மறுபடியும் அதே கதை. சொந்தக்காரர் வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தார். இயங்குதளம் காதில் வாங்கவில்லை. ஆப்பிள் திருத்திக்கொண்டது. ஆனால் பெரிய ஓட்டை அங்கே இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் அதைத் தேடிக்கூடப் போகவில்லை.

2012 பிப்ரவரி. அருண் தம்பி என்ற மென்பொருளாளர் சிங்கப்பூரில் இருந்தார். அலுவலகத்தில் அவ்வப்போது நடக்கும் ஹேக்கத்தானுக்கு ஏதாவது செய்யலாம் என்று யோசித்தார். அப்போது பாத் என்றொரு சமூக வலைத்தளம் பிரபலம். தொடக்கத்தில் 50 பேருக்கு மேல் நண்பர் சேர்க்க முடியாது. நெருங்கியவர்களுக்கு மட்டும் என்பதே அதன் பெருமை. ஐபோனில் ஓடிய பாத்தை மேக் கம்ப்யூட்டருக்கு ஒன்று செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு, அந்த ஆப் தன் சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்று தெரிய வேண்டும். போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே ஒரு கருவியை நிறுத்தி, போகிற வருகிற பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டார்.

ஒரு கோரிக்கை அளவுக்கு மீறி நீளமாகப் போனது. பிரித்துப் பார்த்தால், அவர் போனில் இருந்த காண்டாக்ட் முழுக்க அதில் இருந்தது. பெயர், ஈமெயில், போன் நம்பர், ஒன்று விடாமல். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேள்வி என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பார்த்ததைப் படங்களோடு தன் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டார். பாத் நிறுவனத்தின் தலைவர் டேவ் மோரின் அந்தப் பக்கத்துக்கே வந்து பதில் சொல்லிப் பார்த்தார், நெருப்பு அணையவில்லை. பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, திரட்டியதை எல்லாம் அழித்தார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இது பாத் மட்டும் செய்த காரியமா என்று மற்றவர்களும் தோண்ட ஆரம்பித்தார்கள்.

பல ஆப்களும் இதையே செய்துகொண்டிருந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஹென்றி வாக்ஸ்மனும் ஜி.கே. பட்டர்ஃபீல்டும் பிப்ரவரி 15-ஆம் தேதி ஆப்பிளுக்குக் கடிதம் போட்டார்கள். இது எப்படி நடந்தது? ஆப்பிளின் விதிப்படி, அனுமதியில்லாமல் காண்டாக்ட்டை எடுப்பது குற்றம்தான். காகிதத்தில் விதி இருந்தது. கதவில் பூட்டு இல்லை. அன்றைக்கே ஆப்பிள் அறிவித்தது: இனி காண்டாக்ட்டைத் தொட வேண்டுமானால், சொந்தக்காரரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6-இல் காண்டாக்ட், காலண்டர், போட்டோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேள்வி எழுந்தது.

இந்த இடத்தில் கதை திரும்புகிறது. அதுவரை பெரும்பாலும் கேள்வி கேட்டவரும் தகவல் எடுப்பவரும் ஒருவராகவே இருந்தார்கள். இப்போது ஆப் எடுக்கப் பார்க்க, நடுவே இயங்குதளம் வந்து நின்று சொந்தக்காரரைக் கேட்டது. வேண்டாம் என்று சொன்னால் ஆப்புக்கு உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காது. ‘வேண்டாம்’ என்பதற்கு வலு வந்தது. ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். கோபி பக்கம் அப்போது ஐபோன் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? ஊர் முழுக்க வரப்போவது ஆண்ட்ராய்டு. அங்கே நிலவரம் வேறு.

ஆண்ட்ராய்டின் நிலவரத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு டார்ச். போனின் ஃபிளாஷை எரியவிடும் ஒரு சாதாரண ஆப், கோடிக்கணக்கில் இறக்கப்பட்டது. 2013 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி அதன் வண்டவாளத்தை வெளியிட்டது. டார்ச் அடித்தவர் எங்கே நிற்கிறார் என்பதையும் போனின் அடையாள எண்ணையும் அந்த ஆப் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் தடவை திறந்ததும் ஒப்பந்தமும், ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்களும் வரும். விரல் எந்தப் பொத்தானையும் தொடும் முன்பே தகவல் கிளம்பியிருந்தது. விண்டோஸ் 98-இல் ரிச்சர்ட் ஸ்மித் பார்த்த அதே ஏமாற்று, பதினான்கு ஆண்டு கழித்து, உள்ளங்கைக்குள்.

அதே டிசம்பரில் ஒரு விநோதம் நடந்தது. ஆண்ட்ராய்டு 4.3-க்குள் ஆப் ஆப்ஸ் என்றொரு ரகசியப் பக்கம் ஒளிந்திருந்தது. அதைத் திறந்தால் ஒவ்வோர் ஆப்புக்கும் லொகேஷன், காண்டாக்ட் என்று தனித்தனியாக நிறுத்திவைக்கலாம். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு அதை வாயாரப் பாராட்டி எழுதியது. எழுதிய சூட்டோடு தெரியவந்தது, அப்போதுதான் வந்திருந்த 4.4.2 பதிப்பில் அந்தப் பக்கமே இல்லை. கேட்டதற்கு கூகுள் சொன்ன பதில்: அது சோதனைக்காக வைத்தது, தவறுதலாக வெளியே வந்துவிட்டது. தகவல் எடுத்தது தவறுதலாக என்று இரண்டு நிறுவனங்கள் சொன்ன கதையில், எடுக்காமல் தடுக்கும் பூட்டும் தவறுதலாக வந்தது என்றது மூன்றாவது நிறுவனம். பிறந்த குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் பார்த்துவிட்ட கண்ணை மூட முடியவில்லை. 2015 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது நீளப் பட்டியல் ஒழிந்தது. ஆப் ஓடும்போது தேவைப்படும் நேரத்தில், ஒவ்வொன்றாக, இயங்குதளமே கேட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராய் ஓடவிட்டது. கோபி கச்சேரிமேட்டிலிருந்து கிராமத்து மாரியம்மன் கோவில் வாசல் வரை ஆண்ட்ராய்டு போன் இறங்கியது. மஞ்சள் விற்ற காசில், பட்டுக்கூடு விற்ற காசில் புதுப் போன் வாங்கிய பெரியவர்கள், கடைப் பையனிடமே கொடுத்து எல்லாம் போட்டுத் தரச் சொன்னார்கள். பையனின் கட்டைவிரல் திரையில் ஓடும். ஒரு பெட்டி எழும், தட்டுவான். இன்னொன்று எழும், தட்டுவான்.

“என்னத்தக் கண்ணு கேக்குது அது?”

“ஒண்ணுமில்லீங்க, பர்மிசன். எல்லாத்துக்கும் குடுத்தரட்டுங்களா?”

“குடுத்துரு சாமி, வேல ஆனாச் சரி.”

அரை நொடி திரையில் நின்று, படிக்கப்படாமலே மறைந்த அந்தச் சின்னப் பெட்டிதான், ‘அனுமதி’, ‘அனுமதிக்க வேண்டாம்’ என்ற பொத்தான்களோடு இன்று எல்லார் போனிலும் எழுகிற அதே பெட்டிதான், செங்கல்பட்டுச் சிறையும் கேம்பிரிட்ஜும் சிங்கப்பூரும் கடந்து வந்து சேர்ந்த பொருள். அது முழுசாகப் பிறந்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. வாசலில் நிற்கும் காவல்காரரே எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் வேண்டாம் என்பது?

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 அந்தக் கேள்வியைக் கிளப்பியது. எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது என்பது வரைக்கும் விண்டோஸே மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பியது. கோளாறு கண்டுபிடிக்கத்தான் என்றார்கள். கோடிக்கணக்கான கம்ப்யூட்டரில் ஓடும் இயங்குதளத்துக்குக் கோளாறு அறிக்கை தேவைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது? பிரான்ஸின் தகவல் காப்பு ஆணையம் சிஎன்ஐஎல், 2016 ஜூலையில், அளவுக்கு மீறி எடுக்கிறீர்கள், மூன்று மாதத்தில் சரிசெய்யுங்கள் என்று நோட்டீஸ் விட்டது. 2017 ஏப்ரல் பதிப்பில் தகவல் அனுப்பும் அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு திரை வந்தது. முழுசு அல்லது அடிப்படை. சுத்தமாக வேண்டாம் என்ற பொத்தான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. இயங்குதளத்திடம் வேண்டாம் என்று சொல்ல, அதைவிடப் பெரிய காவல்காரர் தேவைப்பட்டார். அந்தக் காவல்காரர் சட்டம். இந்தியாவில் அதற்கு அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012-இல், 86 வயதில், ஆதாருக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போயிருந்தார். 2015-இல் வழக்கு சூடு பிடித்தபோது அரசுத் தரப்பு ஒரு குண்டைப் போட்டது. தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல. 1954-இல் எட்டு நீதிபதிகளும் 1962-இல் ஆறு நீதிபதிகளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் சின்ன அமர்வுகள் தந்தவை, செல்லாது. அந்தச் சின்ன அமர்வுத் தீர்ப்புகளில் ஒன்று, 1994-இல் நக்கீரன் வாங்கியது. சிறைக்கைதியின் கையெழுத்துப் பிரதியால் கிடைத்த உரிமை ஒரே வாதத்தில் பறிபோகும் நிலை.

ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: தனியுரிமை அடிப்படை உரிமை. பழைய இரண்டு தீர்ப்புகளிலும் அதை மறுத்த பகுதி தூக்கியெறியப்பட்டது. நக்கீரன் வழக்கு மறுபடி உயிரோடு எழுந்தது. தன்னைப் பற்றிய தகவல் தன் கட்டுப்பாட்டில் இருப்பதும் தனியுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. அதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. சட்டம் வருவதற்குள் வேறொன்று வந்துவிட்டது.

2020, கொரோனா. வேலை இல்லை, கையில் காசில்லை. ஐந்தாயிரம், பத்தாயிரம் உடனே தருகிறோம் என்று கடன் ஆப்கள் முளைத்தன. இறக்கியதும் முறைப்படி பெட்டி எழுந்தது: காண்டாக்ட்டை எடுக்கலாமா? போட்டோவை எடுக்கலாமா? ‘வேண்டாம்’ பொத்தான் கண்ணெதிரே இருந்தது. அமுக்கினால் கடன் கிடையாது. வீட்டு வாடகைக்கு அலைகிறவர் எதை அமுக்குவார்? தவணை தவறியதும் உறவினர், சம்பந்தி, முதலாளி என்று காண்டாக்ட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போனது. போட்டோக்களை அசிங்கமாக ஒட்டு வேலை செய்து அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டம் போட்டவர்கள், கடன் வாங்கியவரின் முகவரிப் புத்தகமே அடமானப் பொருளாகும் என்று எப்படி நினைத்திருப்பார்கள்? அழுத்தத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்பதைப் பெட்டி சொல்லித்தரவில்லை, இந்த மரணங்கள் சொல்லித்தந்தன.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கையை ஓங்கியது. கடன் ஆப்கள் காண்டாக்ட், கால் பதிவு, கோப்புகள் பக்கமே போகக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் எல்லாம் ஆளை அடையாளம் காண ஒரு தடவைக்கு மட்டும், அதுவும் வெளிப்படையான சம்மதத்தோடு. மறு ஆண்டு கூகுளும் கடன் ஆப்கள் காண்டாக்ட்டையும் போட்டோவையும் தொடத் தடை போட்டது. சில இடங்களில் கேள்வி கேட்பதற்கே அனுமதி கிடையாது என்ற நிலை வந்தது. இதற்குள், 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இல், ‘இந்த முறை மட்டும்’ என்று மூன்றாவது பொத்தான் முளைத்திருந்தது. 2002-இல் ஜாவா போன்களுக்காக எழுதி மூட்டை கட்டப்பட்ட அதே யோசனை.

பெட்டியின் விலை என்ன என்பதும் அந்த நாட்களில்தான் தெரிந்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஓர் ஆப் இன்னோர் ஆப்பிலும் தளத்திலும் பின்தொடர வேண்டுமானால் அதற்கும் பெட்டி போட்டுக் கேட்க வேண்டும் என்றது. வேண்டாம் என்றவர்கள் ஏராளம். இதனால் 2022-இல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. சொன்ன மறுநாள் அதன் பங்கு கால்வாசிக்கு மேல் சரிந்தது. கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் அத்தனை காலம் கேட்காமல் எடுத்தார்கள்.

2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, புட்டசாமி தீர்ப்புக்கு ஆறு ஆண்டு நிறையும் வேளையில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதில் குறையில்லாமல் இல்லை. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அது கைவைத்ததை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஆறாவது பிரிவுக்குள் கோபிக்கும் பக்கத்து அந்தியூருக்கும் வேண்டியது இருக்கிறது. சம்மதம் நிபந்தனையில்லாமல், தெரிந்து, தெளிவாகத் தரப்பட வேண்டும். காரியத்துக்குத் தேவையானதைத் தவிர மற்றதைச் சம்மதத்தின் பேரில் எடுக்க முடியாது. கொடுக்கிறது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். கேள்வியை எளிய நடையில் கேட்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியில் படிக்க விரும்பினாலும் அதற்கு வழி செய்ய வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழ் ஒன்று. காப்புக் கடமையில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம். கணக்குப் பார்த்தால் 2027-இன் நடுப்பகுதி. கடைப் பையன் கையில் போனைக் கொடுத்துவிட்டு, என்ன கேக்குது என்று விசாரித்த பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி; பதில் சொல்ல வேண்டிய கடமை அந்தப் பையனுடையதில்லை, கேட்கிற நிறுவனத்துடையது என்று சட்டம் இப்போது எழுதி வைத்திருக்கிறது. இ-சேவை மையங்களிலும் கூட்டுறவு வங்கிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இந்தப் பிரிவை அச்சடித்து ஒட்டி, படித்துச் சொல்ல ஓர் ஆளையும் உட்கார வைப்பதற்கு, இந்த அவகாசம் போதும்.